ஆரஞ்சு விளக்கு அணையும்வரை

முதலில் வந்து விழுந்தது ஒரு செருப்பு. பெண்பிள்ளைச் செருப்பு, வார் அறுந்திருந்தது.

டீசல் ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்த செபாஸ்டியன் கையிலிருந்த டார்ச்சை அணைத்தான். அடுத்து அறை விழும் சத்தம். அதற்கடுத்து, பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு கறுப்புச் சப்பாத்துகள்.

"எவனுக்குடி கேட்டைத் திறந்து வச்சிருக்க?"

புருஷன்காரன். சனிக்கிழமை குதிரைப் பந்தயத்துக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார் என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். இன்றைக்கென்று பார்த்துப் பாதியிலேயே திரும்பிவிட்டான்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேனே என்று செபாஸ்டியன் நொந்துகொண்டான். அவன் தாசேக் கெலுகோர் ஆள். செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் ஓட்ட ஒரு பழைய ஃபோர் வீல் தேடி, காலையில் ஃபெரி ஏறித் தீவுக்கு வந்திருந்தான். கடலில் பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த வருஷம் அது.

சூலியா தெருச் சாப்பாட்டுக்கடை ஹனீபாதான் துப்புக் கொடுத்தவன். "ஆயர் ஈத்தாம்ல ஒரு அக்கா ஜீப் விக்கிறாங்களாம்ண்ணே. டீசல் தெரிஞ்ச ஆளா பார்த்து அனுப்பச் சொன்னாங்க." டீசல் தெரிந்த ஆள் என்றதும் செபாஸ்டியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த அக்கா பேர் புஷ்பராணி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் சின்னக் காரை ஓட்டியிருக்கிறாளாம். இந்த ஜீப்பை மட்டும் புருஷன் தொட விட்டதில்லையாம். கிளட்ச் இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, எப்படி விடுவது என்று கேட்டாள். இரண்டாவது கியர் எங்கே விழும் என்று கேட்டாள். இந்த ஆரஞ்சு விளக்கு எதற்கு என்று கேட்டாள்.

"சாவியைப் பாதி திருப்பி நிறுத்தணும் தங்கச்சி. விளக்கு அணையற வரைக்கும் பொறுக்கணும். அவசரப்பட்டா டீசல் பிடிக்காது லா."

சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுகிற தரகனைப்போல ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னான். அவளையே ஏறி உட்காரச் சொல்லி கியர் போட்டுப் பழக வைத்தான். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுவோம் என்று அடியில் நுழைந்தான். நுழைந்த நேரம் இப்படி.

இன்னோர் அறை. இம்முறை அவளே விழுந்தாள். கன்னம் சிமெண்டுத் தரையில் மோதி, அவள் கண் நேராக அவன் கண்ணில் வந்து நின்றது. உதடு கிழிந்து ரத்தம் வடிந்தது. சாவி அவள் கைக்குள் இருந்தது.

வெளியே போடா, நீயெல்லாம் ஓர் ஆம்பிளையா என்று மனசு திட்டியது. உடம்பு அசையவில்லை. பயம்தான், வேறென்ன.

அவள் கூப்பிடவில்லை. உள்ளங்கையைத் தரையோடு அழுத்திக் காட்டினாள். ஒளிந்துகொள் என்கிறாள் என்று நினைத்து அவன் வெட்கத்தில் செத்தான்.

சப்பாத்து அவள் விலாவில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. பெண்டாட்டிக்குப் பாதி உடம்பையே கொடுத்த சாமியின் பேர் அந்த மனுஷனுக்கு, அம்பிகைபாகன் என்று. இவன் கொடுத்ததெல்லாம் உதை.

முடியைப் பிடித்து அவளை வீட்டுப் பக்கம் இழுத்தான். அவள் திரும்பி அவன் கையைக் கடித்தாள். அவன் அலறிக் கையை உதற, வெறுங்காலோடு ஓடி வந்தாள். தலைக்குமேல் ஜீப் குலுங்கியது, கதவு சாத்திக்கொண்டது. சப்பாத்துகள் துரத்திக்கொண்டு வந்தன.

செபாஸ்டியன் இரண்டு கையையும் வெளியே நீட்டி ஒரு கணுக்காலைப் பிடித்தான். எப்படிப் பிடித்தான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. அம்பிகைபாகன் குப்புற விழுந்தான். பல் தரையில் மோதுவது கேட்டது.

மேலே சாவி பாதி திரும்பியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

விளக்கு அணையக் காத்திருக்கிறாள் பாவி மகள். இவன்தானே சொல்லிக் கொடுத்தான்.

மற்றக் கால் சப்பாத்து அவன் விரல்கள்மேல் குதிகாலால் இடித்தது. இடித்துக்கொண்டே இருந்தது. சுண்டுவிரல் முறிந்த சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. விட்டால் அந்த ஆள் எழுந்து கதவைப் பிடுங்கிவிடுவான். அவசரப்பட்டு அவள் சாவியைத் திருப்பினால் இஞ்சின் இருமிவிட்டு நின்றுபோகும். மாதாவே, அந்த விளக்கை அணைத்துவிடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தான்.

ஒரே திருப்பில் இஞ்சின் பிடித்தது.

அந்த உள்ளங்கை அப்போதுதான் விளங்கியது. அசையாமல் நேராகப் படுத்துக் கிட என்றிருக்கிறாள். காலை விட்டுவிட்டுக் கைகளை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். அம்பிகைபாகன் உருண்டு விலகினான். சக்கரங்கள் இரண்டு பக்கமும் போயின. இரும்பெல்லாம் மூக்குக்கு மேலே நகர்ந்து முடிந்ததும், வெயில் நேரே கண்ணில் அடித்தது.

அம்பிகைபாகன் கேட்வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வாயெல்லாம் ரத்தம். வழியில் ஓர் இரும்புக் கம்பியை எடுத்திருந்தான்.

"யார்ரா நீ?"

"இந்த ஜீப் காடிய வாங்க வந்தேன்."

"காடிய விக்கிறேன்னு எவன்டா உன்கிட்ட சொன்னான்?"

இவ்வளவு நேரத்தில் அவள் விலை என்று ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அப்போதுதான் செபாஸ்டியனுக்கு உறைத்தது. கேட்டதெல்லாம் அவள். சொன்னதெல்லாம் இவன்.

தலையைத் திருப்பினான். ஜீப் நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நல்ல வண்டி.

கம்பி ஓங்கியபோது, தெருமுனையில் இரண்டாவது கியர் விழுவது கேட்டது. சுத்தமாக விழுந்தது, அவன் சொல்லிக் கொடுத்தபடியே.