நாளுக்கொரு கேள்வி

"விமலேஸ்வரி, எழும்பு பிள்ளை. வழக்கமாக் கேக்கிற மாதிரி ஐயாவிட்டை ஒரு கேள்வி கேள்."

விமலேஸ்வரி எழுந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த வித்தியாதரிசி கதிரையில் சாய்ந்து, கையிலிருந்த கடதாசிக் கோவையால் விசிறிக்கொண்டார். உருத்திரபுரக் குடியேற்றத்துக் கிரவல் ரோட்டில் காரில் குலுங்கி வந்த களைப்பு அவருக்கு. நாலாம் வகுப்பின் முப்பத்தொரு பிள்ளைகளும் விமலேஸ்வரியின் வாயையே பார்த்தன.

"கேள் பிள்ளை" என்றார் வகுப்பாசிரியர் தில்லைநாதன் மறுபடியும்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்த அன்று அவர் தலைமையாசிரியர் சிற்றம்பலத்திடம் கேட்டிருந்தார்: என் வகுப்பில் பிரம்பு வேண்டாம், பாடமாக்குவது வேண்டாம். பிள்ளைகள் கேட்கட்டும். ஒரு நாளுக்கு ஒரு கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டே கணக்கும் தமிழும் சுகாதாரமும் படிப்பிக்கிறேன்.

சிற்றம்பலம் சிரித்தார். "ஒரு வருசம் தாறன். இன்ஸ்பெக்டர் பாத்து ஓம் எண்டால் பிரம்பு என்ர அலுமாரிக்கை. இல்லையெண்டால் உம்மட மேசையிலை. சரியே?"

முதல் இரண்டு மாதமும் வகுப்பு கல்லுப்போல இருந்தது. பிறகுதான் பின்வரிசை வாங்கிலிருந்து இந்த மெலிந்த பிள்ளை எழுந்தாள்.

"மாட்டுக்கு ஏன் சேர் மேல்வாயிலை முன்பல்லு இல்லை?"

அன்று பின்னேரம் வகுப்பு முழுவதும் பட்டிக்குப் போய் மாடுகளின் வாயைப் பிளந்து பார்த்தது. ஒரு பசு இளையதம்பியின் சட்டையைத் தின்றுவிட்டது. அடுத்த நாள் இன்னொரு கேள்வி. வாய்க்காலில் கலங்கலாக ஓடுகிற தண்ணீர் வயலில் நின்றதும் ஏன் தெளிகிறது? ஒருநாள் இப்படிக் கேட்டாள்:

"எங்களுக்குக் காணி தந்தது அரசாங்கம். அரசாங்கத்துக்கு ஆர் சேர் தந்தது?"

அன்று இரவு பயிற்சிக் கலாசாலை விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் சொன்னது மெய். பயம் போனால் பிள்ளை பூக்கும்.

இப்போது அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேள்வி வகுப்பு எண்டல்லோ சொன்னியள், மாஸ்ரர்?" என்றார் வித்தியாதரிசி. "எனக்கெண்டால் மௌனவிரதம் மாதிரிக் கிடக்கு. வேறை ஆரும் கேக்கலாம். கேளுங்கோ பாப்பம்."

இளையதம்பி கையை உயர்த்தினான். தில்லைநாதனுக்கு மூச்சு வந்தது.

"பள்ளிக்கூடம் எத்தினை மணிக்கு விடும் சேர்?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வித்தியாதரிசியும் சிரித்தார். பிறகு பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார். ஒருவருக்கும் வரவில்லை. அடுத்த வகுப்பில் சிற்றம்பலத்தின் பிள்ளைகள் அதே வாய்ப்பாட்டை ஒரே குரலில் ஒப்புவித்தார்கள், கூரை அதிர்ந்தது. வித்தியாதரிசி கோவையில் நாலு வரி எழுதி, மூடி, காரில் ஏறிப் போனார்.

சிற்றம்பலம் பிரம்போடு வந்தார். மேசையில் ஓசைப்படாமல் வைத்தார்.

"மனவருத்தப்படாதையும் தம்பி. உம்மட வயதிலை நானும் உப்பிடி நிண்டு பாத்தனான். எங்கட பிள்ளையளுக்கு உது சரிவராது."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். விமலேஸ்வரி மட்டும் போகவில்லை. மெல்ல மேசையடிக்கு வந்து, பிரம்பைப் பார்த்து, வலக்கையை நீட்டினாள்.

"கையை மடக்கு" என்றார் தில்லைநாதன். "உன்னை அடிக்க மாட்டன். ஏன் பிள்ளை கேக்கேல்லை? அந்த மனிசனுக்குப் பயமே?"

"இல்லை சேர்."

"பின்னை?"

"எனக்குக் கேள்வி வராது சேர்."

"ஒரு வருசமா என்னைத் திணறடிச்சிட்டு, இப்ப வராதாமோ?"

"அதெல்லாம் அக்காட கேள்வி." அவள் கையை இன்னும் மடக்கவில்லை. "பின்னேரம் குசினிக்கை அடுப்படியிலை இருந்து நீங்கள் படிப்பிச்சதைச் சொல்லச் சொல்லுவா. பிறகு, நாளைக்கு இதைக் கேள் எண்டு பாடமாக்கித் தருவா. நீங்கள் சொல்லுற விடையை நான் அப்பிடியே கொண்டுபோய்ச் சொல்லோணும். மறந்தால் சோறு தரமாட்டா."

தில்லைநாதன் கதிரையில் இருந்தார். தோற்ற களைப்பு ஒரு கணம் விட்டுப்போனது. இந்தக் காட்டுக்குள், ஒரு குசினியில், இப்படி ஒரு பிள்ளை!

"அப்ப அக்கா ஏன் நேத்து ஒண்டும் சொல்லித் தரேல்லை?"

"அக்கா இல்லை சேர். நேத்து எங்கட ஐயா பரந்தனிலை ரெயின் ஏத்திக் கொண்டுபோட்டார். கொழும்பிலை ஒரு வீட்டிலை வேலைக்கு நிக்க."

"எத்தினை வயசு?"

"பதின்மூண்டு."

அவருக்குக் கோபம் வந்தது. மேசையில் குத்தினார். பிரம்பு உருண்டு கீழே விழுந்தது.

"உன்ர ஐயாவுக்கு அறிவில்லையே? உப்பிடிப்பட்ட பிள்ளையைக் குசினிக்கை இருத்தி வைச்சிருந்தவரே! ஏன் பள்ளிக்கூடத்துக்கு விடேல்லை?"

விமலேஸ்வரி குனிந்து பிரம்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"விட்டவர் சேர். நீங்கள் பயிற்சிக்குப் போக முந்தி, உங்கட வகுப்பிலைதான் படிச்சவ. வாய்காட்டிக் கேள்வி கேக்கிற பெட்டை எண்டு அடிச்சு, இனி வரவேண்டாமெண்டு நீங்கள்தானே சேர் கலைச்சனீங்கள்."

தில்லைநாதன் அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தார். அவர் கலைத்த எத்தனையோ முகங்களில் அது எது என்று தெரியவில்லை.