செத்தவர் ஓட்டு

தேசியக் கபடி சம்மேளனத்தில் ஓட்டுப் போடும் பிரதிநிதி தங்கவேலன் இறந்து இரண்டு வருடமாகியும், அவருடைய ஓட்டு மட்டும் சாகவில்லை. அவர் குரலையும் குணத்தையும் பதித்து வைத்திருந்த பெட்டி, விதிப்படி அவருக்காக ஓட்டுப் போட்டு வந்தது. மனைவி லோகநாயகி அதனிடம் தினமும் பேசுவாள். மகள் இனியா, "அது வெறும் பெட்டிம்மா" என்று விலகிப் போவாள்.

சம்மேளனத் தலைவர் தேர்தல் வந்தது. பிரதிநிதிகளைக் கடற்கரை ரிசார்ட்டில் அடைத்து வைக்க, வழக்கம்போலத் தலைவரின் ஆட்கள் கார் அனுப்பினார்கள். பெட்டிக்கும் ஏ.சி. ரூம் போட்டிருந்தார்கள்.

லோகநாயகி பெட்டியை விடவில்லை. "ஏங்க, நல்லா ஆடியும் நம்ம இனியாவை டீம்ல சேக்கவிடாம செஞ்சதே அந்தத் தலைவர்தான். இந்தத் தடவையாவது மாத்திப் போடுங்க."

"எம்மகளுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா? கவலைப்படாத" என்றது பெட்டி.

தலைவர் ஒரே ஓட்டில் ஜெயித்தார். பெட்டி பொன்னாடையோடு வீடு திரும்பியது.

"எங்கிட்ட என்னங்க சொல்லிட்டுப் போனீங்க?" என்று லோகநாயகி கத்தினாள்.

"அவரு நேர்ல வந்து கையைப் பிடிச்சுக் கேட்டாரு. அடுத்த தடவை பாத்துக்கலாம், விடு."

இனியா வந்து பெட்டியின் எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப நம்புறேம்மா" என்றாள். "இது அப்பாவேதான்."