சடையாண்டியின் காகம்

செத்தவருக்கு ஒரு காகம் என்று மாநகராட்சி காலில் வளையம் மாட்டிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. யார் எந்தக் காகம் என்ற சந்தேகமே இப்போது யாருக்கும் இல்லை. கைப்பேசியைக் காட்டினால் அது பெயரைச் சொல்லிவிடும்.

சாயங்காலம் பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தில் காகங்கள் அடைய வரும். சித்தாள் வேலை முடிந்து கையிலிருக்கும் சிமெண்டைக் கழுவிவிட்டு, அங்கம்மாள் கருவாட்டுக் குழம்புச் சோற்றை இலையில் வைத்துக் கூப்பிடுவாள். ஊரிலுள்ள பிணமெல்லாம் வந்து தின்னும். அவள் புருஷன், கொத்தனார் சடையாண்டி மட்டும் வரவில்லை.

இன்று பார்த்துவிட்டாள். ஓரத்து பெஞ்சில், அவனிடம் கலவை சுமந்த ராசாத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சோறு தின்றுகொண்டிருந்தான். கைப்பேசியை நீட்டினாள். சடையாண்டி என்றுதான் சொன்னது.

“எம்புருஷன் உனக்கு எதுக்குடி?”

“நான் கூப்பிடலக்கா. அதுவாத்தான் வருது.”

“உசுரோட இருந்தப்பவும் இதையேதான் சொன்ன. அவரு தயிர்சோறு தொடவே மாட்டாரே.”

“உங்க வீட்டுல தொட மாட்டாரு.”

காகம் ராசாத்தியின் முந்தானையில் அலகைத் துடைத்துவிட்டு மரத்துக்குப் பறந்தது. உயிரோடு இருந்தவரை அவன் கை துடைத்ததும் முந்தானையில்தான். அது தன் முந்தானையில் மட்டும்தான் என்று அங்கம்மாள் நம்பியிருந்தாள்.

மறுநாள் வார்டு அலுவலகத்தில் அங்கம்மாள் போய் முறையிட, எழுத்தர் கேட்டார்.

“வேற காக்கா மாத்தித் தரவாம்மா?”

“அவரு அப்படியே இருக்கட்டும் சார். நான் செத்தா எனக்குக் காக்கா வேணாம்.”

“பின்ன?”

“பூனையாக் குடுங்க.”