நீல ரப்பர்

சிதம்பரத்தில் என் பல் கிளினிக்கில் சவரிமேரிக்கு வேர் சிகிச்சை செய்தேன். மருந்து தொண்டைக்குள் இறங்காதபடி வாய்மீது நீல ரப்பர் தாளை இழுத்து மாட்டினேன். அதன் ஓட்டை வழியே சொத்தைப் பல் மட்டும் வெளியே தெரிந்தது. முடிந்ததும் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

மறுவாரம் கீரப்பாளையத்திலிருந்து கணவர் ஜேக்கப்போடு வந்தவர், வாயை மூடியிருந்த முந்தானையை விலக்கினார். அதே நீல ரப்பர்.

"ஒரு வாரமா வூட்டுல யாரும் பாக்கலியாக்கா?"

அவர் கணவரைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே பாத்துட்டேன் டாக்டர்," என்றார் ஜேக்கப், செல்போனிலிருந்து தலை தூக்காமல். "அத அப்புடியே வுட்டுடுங்க. இப்பதான் வூடு நிம்மதியா இருக்குது. பல்ல மட்டும் பாருங்க."

கழற்றுவதற்கு விளிம்பைத் தேடினேன். ரப்பர் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று என் விரலுக்குத் தெரியவில்லை.