கப்பலேறும் காட்சி

பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளும் என்பது ஸ்டூடியோ வழக்கம். பதினெட்டு வயதில் பர்மாவிலிருந்து வந்து, பிறகு ஊர்ப்பக்கமே போகாத சண்டை நடிகர் மவுங் லா, மாடியிலிருந்து விழுந்தும் கதாநாயகர்களிடம் குத்துப்பட்டும் இருநூறு முறையாவது அப்படிச் சிரித்திருப்பார். இந்தப் படத்தில்தான் முதல்முறையாகச் சாகாத வேடம்: ரங்கூனுக்குக் கப்பலேறும் கிழவர். பெட்டியோடு படியேறினார், கையசைத்தார். டைரக்டர் ‘கட்’ சொன்னதும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணே, இதுல நீங்க சாகலையே! ஊருக்குத்தானே போறீங்க?” என்றார் கேமராமேன்.

“தெரியும் சார்.” மவுங் லா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. “எதுக்கும் இந்தச் சிரிப்பையும் ஒண்ணு எடுத்துக்குங்க.”