மறுநாள் பேப்பர்

துணி விலகியதும் அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சுவர் உயரத்துக்கு ஒரு பழைய பத்திரிகைப் பக்கம். தலைவர் மறைந்த மறுநாள் மதுரையில் வந்தது. இரங்கல் ஊர்வலத்தின் நடுவே ஓர் இளைஞன் வாய்விட்டு அழுகிறான்.

'தலைவருக்காகக் கதறும் தொண்டர்' என்று கீழே போட்டிருந்தது.

அவர்தான் அது. இருபத்தாறு வயதில்.

"ஐயாவுக்கே தெரியாம வச்சிருந்தோம்." நூலகர் தாவூத் மைக்கில் சிரித்தார். "ஐயா சேர்த்துவச்ச பேப்பரெல்லாம் இந்தக் கண்காட்சியில இருக்கு. இது மட்டும் இல்லை. திருச்சியில ஒருத்தர்கிட்ட வாங்கிப் பெரிசாக்கினோம்."

கைதட்டல்.

பக்கத்து நாற்காலியில் மனைவி ஆவுடையம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தெட்டு வருஷம்.

அன்று காலை அவர் சட்டைப்பையில் ஒரு தந்தி இருந்தது. 'குழந்தை கவலைக்கிடம். உடனே வரவும்.' பதினோரு மாதப் பிள்ளை. ஆவுடையம்மாள் அப்போது கோவில்பட்டியில், தன் அப்பா வீட்டில் இருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை போனார். படியில் கால் ஏறவில்லை.

பயம். அந்தச் சின்ன முகம் அடங்குவதைப் பார்க்கப் பயம்.

அப்போதுதான் ஊர்வலம் வந்தது. எல்லோரும் அழுதார்கள். உள்ளே புகுந்து அவரும் அழுதார்.

மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"தலைவர் செத்ததுல ஒரு பஸ்ஸும் ஓடலை."

ஆவுடையம்மாள் நம்பினாள்.

அதன் பிறகுதான் அந்தப் படம் அவர் கண்ணில் பட்டது. பழைய பேப்பர் கடை, முடிதிருத்தும் கடை, இழுத்து மூடிய வாசகசாலை. எங்கே கிடைத்தாலும் வாங்கினார். அதை மட்டும் வாங்கினால் சந்தேகம் வரும். அதனால் தலைவருக்கு இரங்கல் எழுதிய எல்லாப் பேப்பரையும் வாங்கினார். ஊர் அவரைப் பெரிய பக்தர் என்றது.

அந்தப் படம் உள்ளவை மட்டும் வீட்டில், இரும்புப் பெட்டிக்குள். முப்பத்தொரு பிரதி.

ஒருமுறை தீப்பெட்டியோடு உட்கார்ந்தார். கை வரவில்லை. பிள்ளைக்காக அவர் அழுததற்கு வேறு சாட்சி இல்லை.

ஆவுடையம்மாள் எழுந்தாள்.

நேராகப் படத்துக்குப் போனாள். அழுகிற முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த முகத்துக்குப் பின்னால் பார்த்தாள்.

அங்கே ஒரு பஸ். ஜன்னலோரங்களில் ஆட்கள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பலகை.

அவள் விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. கோ. வி. ல்.

ப-வுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"அம்மா, அப்படியே நில்லுங்க," என்றான் போட்டோகிராபர். "ஐயாவும் பக்கத்துல வரட்டும்."

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். முந்தானையைச் சரிசெய்தாள். ஓரடி தள்ளி நின்றாள். பலகை அவள் தோளுக்குப் பின்னால் மறைந்தது.

அவரால் எழ முடியவில்லை. கழுத்தில் சால்வை கனத்தது. அரங்கமே அவருக்காகக் காத்திருந்தது.

"வாங்க," என்றாள் ஆவுடையம்மாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"இப்பவாச்சும் வாங்க."