காயம் ஆற இரண்டு நொடி

“இப்படி எவனாவது நடப்பானா? கால்ல அடிபட்டவன்னா நல்லா நொண்டணும். இவன் என்னமோ பரீட்சை ஹால்ல சுத்தி வர்ற வாத்தியார் மாதிரி நடக்கறான்!”

பெரிய திரையைப் பார்த்து டாக்டர் சொன்னதும் கூட்ட அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு அது போதவில்லை.

டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. காட்டில் மாட்டிக்கொண்டவன் எப்பாடு பட்டாவது உயிர் பிழைத்து வெளியே வர வேண்டிய ஒரு வீடியோ கேமில், பன்னிரண்டு வருஷமாக ரத்தம், காய்ச்சல், எலும்பு முறிவு எல்லாம் அவர் பொறுப்பு. அதனால் அலுவலகம் வைத்த பெயர். அவருடைய வைத்தியமும் சுலபமானது. கடிபட்டால் கட்டு, வலித்தால் மாத்திரை. இரண்டே நொடியில் ஆள் எழுந்து ஓட்டம் பிடிப்பான்.

அந்த இரண்டு நொடிக்கு உலை வைக்க இப்போது ஒருத்தி வந்திருந்தாள். வேறு கம்பெனியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

அவள் செய்த ஆள் திரையில் ஒரு பாழடைந்த கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தான். முழங்காலில் அடி. கட்டுப் போட்டாயிற்று, மாத்திரையும் விழுங்கியாயிற்று, ஆனாலும் வலி விடவில்லை. நல்ல காலை முதலில் வைத்து மற்றதைப் பின்னால் சேர்த்துக்கொண்டான். ஏழாவது படியில் நின்று, பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தான். பார்க்கப் பார்க்க டாக்டருக்கு ஏனோ எரிச்சல் மூண்டது.

“மாடிப்படியில எதுக்கும்மா மேப்?”

“அவன் மேப் பார்க்கலைண்ணா. பார்க்கற மாதிரி நிக்கறான். வலியில நின்னுட்டான்னு கூட வர்றவங்களுக்குத் தெரியக்கூடாதுல்ல?”

“தெரிஞ்சா என்னவாம்?”

“ஓட முடியாதவன்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயம்.”

“நேத்து இவனை மேல கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. சேர்த்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, போங்க!” என்றார் அண்டா. விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் பருத்த மனிதர் அவர். டாக்டரின் வைத்தியத்தைப் பார்த்து அந்தக் கண்ணில் இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு வந்ததில்லை.

டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். அடுத்த பாகத்துக்கு உடல்நலப் பகுதியின் தலைமை யாருக்கு என்று மேலாளர் இன்று சொல்லப்போகிறார். அது தன் நாற்காலி என்பதில் டாக்டருக்கு நேற்றுவரை சந்தேகமே இருந்ததில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருகிறவர் அவர். மாலையில் எல்லோரும் போன பிறகு கிளம்புகிறவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, நேற்று வந்தவளுக்குக் கைதட்டலா?

“சார், விளையாடறவன் எதுக்கு வர்றான்? சந்தோஷத்துக்கு. வீட்டுல இருக்கற வலி போதாதுன்னு இங்கேயும் வந்து அவன் படணுமா?” என்று மேலாளரிடம் திரும்பினார்.

மேலாளர் மோவாயைச் சொறிந்தார். “நீ இதையெல்லாம் எங்கேம்மா கத்துக்கிட்டே?”

“பார்த்துதான் சார்.”

“யாரைப் பார்த்து?” டாக்டர் விடவில்லை. “நான் படிக்காத புஸ்தகம் இல்ல, பார்க்காத வீடியோ இல்ல. ஒருத்தனும் இப்படி நடக்கல. ஒரே ஒரு ஆளைக் காட்டு, அந்தத் தலைமைப் பொறுப்பை நானே உனக்கு எழுதிக் குடுத்துடறேன்.”

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“காட்ட முடியாதுண்ணா.”

“பார்த்தீங்களா? கப்சா! எல்லாம் கப்சா!” டாக்டருக்கு அப்பாடா என்றிருந்தது.

மேலாளர் மசியவில்லை. “கப்சாவோ நிஜமோ, நம்ம அண்டாவையே அழ வெச்சிருக்கு. அடுத்த பாகத்தை இந்தப் பொண்ணே பார்க்கட்டும். டாக்டர், நீங்க கூட இருந்து உதவி பண்ணுங்க.”

பன்னிரண்டு வருஷத்து டாக்டர் ஒரே நிமிஷத்தில் கம்பவுண்டர் ஆனார்.

நாற்காலிகள் நகர்ந்தன. அவளுக்குக் கைகொடுத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். டாக்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவளும் வயர்களைச் சுருட்டியபடி நின்றிருந்தாள்.

“அதான் வாங்கிட்டியே. இப்பவாவது உண்மையைச் சொல்லு. அப்படி ஒரு ஆள் இருக்கானா?”

“இருக்காருண்ணா.”

“இருந்தா எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு நானும் காலையில சீக்கிரமே வந்துடறேண்ணா. இந்தக் கட்டடத்துல லிஃப்டும் இல்ல. நீங்க நடுப்படியில நின்னு ஃபோனைப் பார்த்து முடிச்சு மேல ஏறிப் போற வரைக்கும், ஒரு மாடி கீழயே சத்தமில்லாம நின்னுக்குவேன். யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல, சத்தியமா.”

டாக்டர், மேசைக்கு அடியில் நீட்டி வைத்திருந்த இடது காலை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.